உசிலம்பட்டி கடைசியில் ஏறட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

மாதத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரைக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்குவது, பத்திர நகல் எடுப்பது, விளக்குத்தூணில் துணி எடுப்பது, முடிந்தால் மீனாட்சியைக் கும்பிடுவது என்று முந்தின இரவே சீட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். ஒருமுறைகூட எல்லாம் முடிந்ததில்லை. "உங்களுக்குத் திட்டம் போடத் தெரியவில்லை" என்கிறார் மனைவி. பிழை என்னிடமா, ஊரிடமா? வாழ்நாளில் பாதி இப்படி அலைந்தே தீர்கிறதே, இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சீட்டில் உள்ள வேலைகளில் துணி எடுப்பதைத் தவிர வேறெதுவும் உங்கள் நேரத்துக்குக் கட்டுப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. மாத்திரைக்காக நீங்கள் போகும் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு காலைப் பொழுதுக்கானது. பத்திர நகல், அதைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் இருக்கையில் இருப்பதைப் பொறுத்தது. கோவிலில் பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் நடை சாத்தினால், நீங்கள் உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தாலும் சரி, காசியிலிருந்து வந்திருந்தாலும் சரி, மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒவ்வொருவர் நேரத்தையும் ஒரே பகலுக்குள் முடிச்சுப் போடப் பார்க்கிறீர்கள். ஒரு முடிச்சு நழுவினால் மற்றவையும் நழுவிவிடுகின்றன.

ஆனாலும் இதைத் திட்டம் போடத் தெரியாமை என்று நான் சொல்ல மாட்டேன். சீட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது வருவதற்கு ஆகும் செலவு. செக்கானூரணிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், முன்பெல்லாம் மதுரைக்கு வருவதென்றால் பக்கத்து வீட்டு வேலைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருவார். போக்குவரத்துக் காசை வீட்டில் கேட்டு வாங்கியாக வேண்டும், கேட்ட காசுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, ஒரு வேலைக்காக மட்டும் வருகிறார், முடித்துவிட்டுப் பதற்றமில்லாமல் திரும்புகிறார். முடியாவிட்டால் மறுநாள் வந்தால் போயிற்று. அவர் ஒன்றும் புதிதாகத் திட்டமிடக் கற்றுக்கொண்டுவிடவில்லை. அதேபோல், 2004 ஜூலையில் மதுரைக்கு உயர் நீதிமன்றக் கிளை வருவதற்கு முன்பு, ஒரு வழக்குக்காகச் சென்னைக்கு இரவு வண்டி ஏறிய தென்மாவட்டத்துக்காரர்கள், போன செலவுக்கு ஈடாக உறவினர் வீடு, கொடுக்கல் வாங்கல், மருத்துவர் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு பயணத்தின் தலையில் ஏற்றினார்கள். உங்களுக்கும் விடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. அதன் தலையில் ஏற்றுகிறீர்கள்.

கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நீங்கள் நன்றாக அறிந்த ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். மாலை நேரத்தில் தேனி வண்டியின் படியருகே நின்றுகொண்டு நடத்துநர், "தேனி, போடி ஏறுங்க, உசிலம்பட்டி கடைசியில ஏறுங்க" என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அப்போது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும், நியாயம்தான். காசு கொடுத்துப் போகிறவர் எல்லோரும் பயணிகள்தாமே. இருந்தாலும் அவர் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். உசிலம்பட்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தேனி அதைப்போல் இரு மடங்கு தொலைவு. பாதி வழியில் காலியாகப் போகும் இருக்கையை, முழு வழியும் போகிறவர் நின்றுகொண்டிருக்கும்போது முன்கூட்டியே கொடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. முதலில் யாரை ஏற்றுவது என்று முடிவுசெய்த பிறகு, மிச்ச இடத்தில் எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறார்; பெரும்பாலும் உங்களுக்கும் உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. உங்கள் சீட்டில் உள்ள வேலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் படியில் முண்டியடிக்கின்றன. எந்த வேலைக்காக விடுப்பு எடுத்தீர்களோ அதை முதலில் ஏற்றுங்கள், மற்றவை இடமிருந்தால் வரட்டும். வீட்டுக் கடனோ பிள்ளைகளின் படிப்போ, பல காரியங்கள் ஒன்றாக வந்து நெருக்கும் எந்தச் சமயத்துக்கும் இதைவிடப் பயனுள்ள யோசனையை நான் கண்டதில்லை.

சித்திரை மாதத்தில் அழகரும் மதுரைக்கு ஒரு வேலையாகத்தான் வருகிறார். அழகர்மலையிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் வழியெங்கும் அவரை நிறுத்தி வரவேற்றுப் பூசை செய்யும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள், எந்த மண்டகப்படிக்காரரையும் அவர் தட்டிக்கழிப்பதில்லை. வைகைக்கு வந்து சேர்வதற்குள் தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. அவர் வந்ததே மண்டூக முனிவரின் சாபத்தைத் தீர்க்கத்தான் என்கிறது தலபுராணம். மறுநாள் தேனூர் மண்டபத்தில் அந்த வேலை குறைவில்லாமல் நடக்கிறது. இரண்டு கதைகளையும் மதுரைக்காரர்கள் ஒருசேர நம்புவதில் எனக்கு வியப்பில்லை: கல்யாணத்துக்குப் பிந்திப்போனவர் என்று அவரை ஒரு வருடமும் யாரும் குறை சொன்னதில்லை, ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது.

இனி உங்கள் சீட்டுக்கு வருவோம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துகொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்குப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பழைய பத்திரமாக இருந்து அங்கே கிடைக்காவிட்டால் மட்டும், அந்த ஒரு வேலைக்காகவே தனியாக ஒரு விடுப்பு எடுங்கள். மிச்சம் இருப்பவை கோவிலும் துணிக்கடையும். மனைவியையும் அழைத்துக்கொண்டு கோவிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். விளக்குத்தூண் கடைகள் இரவு வரை திறந்திருக்கும்.