3% கொடுத்துக் கடனை மாற்றலாமா? பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கேள்வி பதில்

ஒரு கிரெடிட் கார்டில் ஏறிக் கிடக்கும் கடனை, சில மாதங்களுக்கு வட்டி இல்லாத அல்லது வட்டி குறைந்த இன்னொரு கார்டுக்கு மாற்றுவதுதான் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். அதற்கு வாங்கும் கட்டணம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எல்லாக் கணக்கிலும் கடன் ஒரு லட்சம், பழைய கார்டின் வட்டி மாதம் 2% என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான்.

கேள்வி: வட்டி 0% என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கீழே 3% கட்டணம் என்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்று என்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். அதைக் கையில் ரொக்கமாகக் கேட்பதில்லை, கடனோடு சேர்த்துவிடுவார்கள். ஒரு லட்சத்தை மாற்றியவருக்கு முதல் ஸ்டேட்மெண்டில் 1,03,000 என்று வரும். அதைப் பார்த்துப் பதறிப்போய் வங்கிக்குப் போன் போடுகிறவர்கள் நிறைய.

வட்டிக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. கடன் கரையக் கரைய வட்டியும் குறையும். கட்டணமோ முதல் நாளிலேயே முழுத் தொகைக்கும் விழுந்துவிடும். அடுத்த மாதமே கடனைத் தீர்த்தாலும் பொதுவாக அதில் ஒரு காசு திரும்ப வராது.

கேள்வி: அப்படியென்றால் எவ்வளவு காலம் கடன் வைத்திருப்பவருக்கு இது லாபம்?

பழைய கார்டிலேயே சம தவணைகளில் இரண்டு மாதத்தில் கட்டி முடித்தால் வட்டி சுமார் 3,010 ஆகும். 3% கட்டணமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே இரண்டு மாதத்தில் தீர்க்க முடிந்தவர் மாற்ற வேண்டியதில்லை. கட்டணம் 5% என்றால் இந்த எல்லை நான்கு மாதத்துக்குத் தள்ளிப்போகும். நான்கு தவணைகளுக்கான வட்டி சுமார் 5,050.

பன்னிரண்டு மாதம் ஆகும் என்றால் கதையே வேறு. பழைய கார்டில் வட்டி மட்டும் 13,470-ஐத் தாண்டும். 3,000 கொடுத்து அதைத் தவிர்ப்பதற்கு யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரு வங்கி 3% கட்டணத்தில் 12 மாதம் தருகிறது. இன்னொன்று 5% கட்டணத்தில் 18 மாதம். நீண்ட காலம்தானே நல்லது?

பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். உங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை முதலில் சொல்லுங்கள்.

மாதம் 8,600 கட்ட முடிந்தால் முதல் கார்டிலேயே 12 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். செலவு 3,000. இரண்டாவதற்குப் போனால் 2,000 வீண்.

மாதம் 6,000தான் முடியும் என்றால்? முதல் கார்டில் 12 மாத முடிவில் 31,000 மிச்சம் நிற்கும். அதற்குப் பிறகு மாதம் 2% வட்டி ஓடினாலும், அடுத்த ஆறு மாதத்தில் சுமார் 2,060 வட்டியோடு கணக்கு முடிந்துவிடும். மொத்தச் செலவு 5,060. இரண்டாவது கார்டில் 5,000. சலுகைக் காலம் ஆறு மாதம் கூடுதலாக இருந்தும் வித்தியாசம் வெறும் 60! மாதம் 5,000 என்று இறங்கினால்தான் இரண்டாவது கார்டு தெளிவாக வெல்கிறது: அங்கே சுமார் 5,630, முதல் கார்டில் சுமார் 7,670.

சலுகை முடிந்தபின் வரும் வட்டி மாதம் 3% என்றால் இந்தக் கணக்கு மாறும். அந்த விகிதத்தை விளம்பரத்தில் தேடாதீர்கள், ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது சின்னக் கடன்தான். 3% என்றால் அற்பத் தொகைதானே?

‘3% அல்லது குறிப்பிட்ட ஒரு தொகை, இரண்டில் எது அதிகமோ அது’ என்றுதான் பல ஒப்பந்தங்களில் இருக்கும். கடன் சிறிதாக இருந்தால் அந்தக் குறிப்பிட்ட தொகையே 8%, 10% என்று ஆகிவிடலாம்.

கேள்வி: புதிய கார்டின் வரம்பு ஒரு லட்சம். என் கடனும் ஒரு லட்சம். அப்படியே மாற்றிவிடலாமா?

முடியாது. கட்டணமும் அதே வரம்புக்குள் அடங்க வேண்டும். 3% என்றால் அதிகபட்சம் சுமார் 97,080 மாற்றலாம். வரம்பின் ஒரு பகுதியை மட்டுமே இதற்கு அனுமதிக்கும் வங்கிகளும் உண்டு. மிச்சம் பழைய கார்டில் பழைய வட்டியிலேயே ஓடும். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கு இடையே பொதுவாக மாற்றவும் விடமாட்டார்கள்.

கேள்வி: மாற்றிய கார்டிலேயே அன்றாடச் செலவையும் செய்துகொள்ளலாமா? அதைத் தனியாக மாதாமாதம் கட்டிவிடுகிறேன்.

வேண்டவே வேண்டாம். கட்டணத்தைப் பற்றி நூறு பேர் கேட்கிறார்கள்; அதைவிட அதிகப் பணத்தை விழுங்கும் இந்த விஷயத்தைப் பத்துப் பேர்கூடக் கேட்பதில்லை.

பாக்கி முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவருக்குத்தான் வாங்கிய பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். மாற்றிய கடன் அந்தக் கார்டில் நிற்கும்வரை நீங்கள் ‘முழுவதும் கட்டியவர்’ ஆவதில்லை. எனவே பல கார்டுகளில் புதிய செலவுக்கு வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஏறும். அதுவும் 0% அல்ல, சாதாரண வட்டி. புதிய செலவுக்கும் சலுகை தரும் கார்டுகள் மட்டுமே விலக்கு.

‘தனியாகக் கட்டிவிடுகிறேன்’ என்கிறீர்கள். நீங்கள் செலுத்தும் பணம் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. அமெரிக்காவில் 2009-இல் வந்த சட்டப்படி, குறைந்தபட்சத் தொகைக்கு (மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய சிறு தொகை) மேல் கட்டுவது அதிக வட்டியுள்ள பாக்கிக்கே பொதுவாகப் போக வேண்டும். ஆனாலும் குறைந்தபட்சத் தொகையை 0% பாக்கியில் வங்கி கழித்துக்கொள்ளலாம். இத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் நிலைமை இன்னும் மோசமாகலாம். செலவுக்கு வேறு கார்டை எடுங்கள். அல்லது கையில் உள்ள பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. பழைய கார்டுக்குக் கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பணம் போய்ச் சேர்ந்தது என்று பழைய கணக்கில் கண்ணால் பார்க்கும்வரை கட்டுங்கள். சில நாட்களும் ஆகலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். இடையில் கெடு தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் உங்கள் தலையில்தான். பணம் சேர்ந்த பிறகும் ஒரு ஸ்டேட்மெண்டுக்குக் காத்திருங்கள். கடைசி ஸ்டேட்மெண்டுக்கும் மாற்றிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி, சில நூறு என்ற அளவில் பிறகு வந்து நிற்கும். கவனிக்காமல் விட்டால் அதற்கும் அபராதம் சேரும்.

கேள்வி: ஒரு மாதம் தவணை தவறினால் என்ன ஆகும்?

தாமதக் கட்டணம் நிச்சயம். 0% சலுகையையே ரத்து செய்யும் உரிமையைப் பல ஒப்பந்தங்கள் வங்கிக்குத் தருகின்றன. கொடுத்த 3% திரும்பாது. குறைந்தபட்சத் தொகைக்காவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கேள்வி: சலுகை முடியும்போது மூன்றாவது கார்டுக்கு, பிறகு நான்காவதற்கு என்று மாற்றிக்கொண்டே போகலாமே?

கணக்குப்படி மலிவுதான், ஆண்டுக்கு 3% எங்கே, 24% எங்கே. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய கார்டு கிடைக்க வேண்டும், அதில் போதிய வரம்பும் வேண்டும். வரிசையாக விண்ணப்பித்துக்கொண்டே இருப்பவரின் கடன் மதிப்பெண் இறங்கும். கடன் குறையாமல் நிற்பதைப் பார்க்கும் வங்கி கை விரிக்கலாம். அப்படி விரிக்கும் மாதத்திலேயே பழைய சலுகையும் முடிந்திருக்கும். அடுத்த கார்டு கிடைக்காது என்று வைத்துக்கொண்டே மாதத் தொகையை முடிவு செய்யுங்கள். 1,03,000-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 8,584 வருகிறது. அது கட்டுப்படியாகாது என்றால், முதல் மாற்றத்திலேயே நீண்ட காலச் சலுகைக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கலாமா என்று மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்.