கல் முளைக்கும் ஸ்காபரோ வளவு: மண்புழு வாங்கி விடலாமா?

கேள்வி: போன வருஷம் கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். பின்வளவைக் கொத்தினால் களியும் கல்லும்தான். பொறுக்கிய இடத்திலேயே அடுத்த வசந்தத்தில் மறுபடியும் கல். மண்புழு வாங்கி விட்டால் மண் திருந்துமா? வேலிக்கு அப்பால் பள்ளத்தாக்குக் காடு இருக்கிறது.

பதில்: மண்புழு வாங்காதீர்கள். அதுவும் காட்டை ஒட்டிய வளவில் வேண்டவே வேண்டாம். ஏன் என்று புரிய, அந்த மண் அங்கே எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் நீங்கள் மண்வெட்டி போடும் இடத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கனத்தில் பனி கிடந்தது. லாரன்டைட் பனிப்படலம் என்று அதற்குப் பெயர். அது நகர்ந்துகொண்டே வழியில் இருந்த பாறையை உடைத்து, அம்மியில் அரைப்பதுபோல் அரைத்து, மாவும் கல்லும் ஒன்றாக இழுத்து வந்து, உருகும்போது அப்படியே போட்டுவிட்டுப் போனது. ஆறு கொண்டுவந்த மண்ணில் மணல் தனியாக, வண்டல் தனியாகப் படிந்திருக்கும். இங்கே மாவுபோன்ற களிக்குள் தேங்காய் அளவு கல் புதைந்திருக்கும். இளஞ்சிவப்பில் வரிவரியாக ஒரு கல் அகப்பட்டால் எடுத்து வையுங்கள். அதன் பாறை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே, கனேடியக் கேடயம் என்கிற பழம்பாறை நிலத்தில் இருக்கிறது; பனிதான் அதைச் சுமந்து வந்தது.

கல் முளைப்பது உறைபனியின் வேலை. கல்லுக்கு அடியிலுள்ள ஈரம் உறைந்து அதைத் தூக்கும், இளகும்போது அந்த இடைவெளியில் மண் விழுந்துவிடும், கல் பழைய இடத்துக்கு இறங்காது. ஏப்ரலில் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேலே இலைச்சருகு கனமாக மூடியிருந்தால் உறைவது குறையும்.

சரி, மண்புழுவுக்கு வருவோம். பனி விலகியபோது கிடந்தது வெறும் கல்மாவு, மட்கும் இல்லை நைட்ரஜனும் இல்லை. முதலில் கோரையும் குட்டை வில்லோவும் தரையோடு படரும் ட்ரையாஸ் என்ற சிறுசெடியும் வந்தன. ஏரிகளின் அடிச்சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத்தை எண்ணித்தான் இந்த வரிசையைக் கண்டுபிடித்தார்கள்: அப்புறம் ஸ்ப்ரூஸ், பிறகு பைன், அதற்கும் பிறகு ஹெம்லாக், மேப்பிள், பீச். காடு மொத்தமாகக் கிளம்பி வரவில்லை, ஒவ்வொரு மரமும் அதனதன் வேகத்தில் வந்தது. ஓக் கொட்டைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு மறந்துபோகும் ப்ளூ ஜே பறவைக்கும் அதில் பங்கு இருந்திருக்கும்.

மண்புழு மட்டும் வந்து சேரவில்லை. ஆண்டுக்குப் பத்து மீட்டர்கூட நகராத உயிர் அது. ஆகவே அங்குள்ள காடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்புழு இல்லாமலே, கனத்த சருகுமெத்தைமேல் வளர்ந்த காடு. இப்போது அங்கே நெளிபவை பெரும்பாலும் ஐரோப்பியர் குடியேறியபோது செடியோடும் மண்ணோடும் வந்த புழுக்கள். அவை சருகுமெத்தையைத் தின்று தீர்த்தால் மேப்பிள் கன்றுகளும் காட்டுப்பூக்களும் நலியும். ஆன்டாரியோவின் மாநிலப் பூவான வெள்ளை ட்ரில்லியம் விதையிலிருந்து பூக்க ஏழெட்டு ஆண்டுகளாவது எடுக்கும்; அதன் விதையைப் பரப்புபவை எறும்புகள். அந்தச் செடி ஒருமுறை போனால் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் திரும்புவது கடினம்.

‘மண்புழு உழவனின் நண்பன்’ என்று பள்ளியில் படித்தோம், ஊர் மண்ணுக்கு அது சரி. உங்கள் வளவில் வேண்டிய புழு ஏற்கெனவே இருக்கும், ஒரு பிடி மண் எடுத்துப் பாருங்கள். மண்புழு உரம் வேண்டுமென்றால் பெட்டியில் வளருங்கள், ஆனால் உரத்திலுள்ள புழுவும் முட்டையும் சாக, அதை உறையவைத்த பிறகே மண்ணில் போடுங்கள். மீன்பிடித் தூண்டிலுக்கு வாங்கி மிஞ்சிய புழுவையும் காட்டில் கொட்டாதீர்கள்.

களிக்கு மருந்து சருகும் மட்கிய உரமும்தான். ஈரத்தில் கொத்தக் கூடாது, உருட்டினால் உருண்டையாக நிற்கும் நாளில் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். கத்தரி, மிளகாய்க்கு ஓரடி உயரத்தில் மேடைப் பாத்தி கட்டுங்கள். இன்னொன்று, ஊர்ப் பழக்கத்தில் அடுப்புச் சாம்பலைப் போட்டுவிடாதீர்கள். பனி அரைத்ததில் சுண்ணாம்புக்கல் நிறைய, அதனால் அந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் காரத்தன்மையோடுதான் இருக்கும், சாம்பல் அதை இன்னும் ஏற்றும். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அமில மண் கேட்கும் ப்ளூபெரிச் செடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.