வள்ளத்தின் அடியில் பிடிக்கும் வழுவழுப்பில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்று சூட்டை அளந்து சொல்ல முடியுமா?

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிப்பதாகவும், சின்னமுட்டம் துறைமுகத்து ஃபைபர் வள்ளங்களில் பிடிக்கும் பயோஃபிலிமை, அதாவது நுண்ணுயிர்களும் அவை சுரக்கும் பிசினும் சேர்ந்த அந்த வழுவழுப்புப் படலத்தை, புராஜெக்டுக்கு எடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தெர்மாமீட்டர் போதுமா என்றும் கேட்கிறீர்கள். சூட்டை அளக்க முடியும், ஆனால் தெர்மாமீட்டரை மறந்துவிடுங்கள்.

ஒரு பாக்டீரியா விடும் வெப்பம் சில பிக்கோவாட்தான் (ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோவாட்), லட்சம் சேர்ந்தாலும் ஒரு மைக்ரோவாட்டைத் தொடாது. இதற்கு ஐசோதெர்மல் மைக்ரோகலோரிமீட்டர் வேண்டும். அது குப்பியை ஒரே வெப்பநிலையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தெர்மோபைல் என்ற வெப்ப உணரி வழியாக மைக்ரோவாட் கணக்கில் பதிந்துகொண்டே போகும். படலத்தை அளக்க வழக்கமாகப் போடும் கிரிஸ்டல் வயலட் சாயம் செத்ததையும் சுற்றியிருக்கும் பிசினையும் சேர்த்தே நிறமேற்றும், ஆனால் வளர்சிதை வெப்பம் உயிருள்ளவற்றிடமிருந்துதான் வரும், படலத்தைச் சுரண்டவும் வேண்டாம். எனக்கு இந்த முறை பிடித்ததே அதனால்தான்.

சரி, எங்கே மாட்டுவீர்கள் என்றால் ஆக்சிஜனில். அதைச் சுவாசிக்கும் உயிர்கள் ஒரு மோல் (32 கிராம்) ஆக்சிஜனுக்குச் சுமார் 455 கிலோஜூல் வெப்பம் விடும். 30 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும், ஆக 4 மில்லி குப்பியை முழுக்க நிரப்பி மூடினால் மொத்தக் கையிருப்பு ஏறக்குறைய 0.35 ஜூல், உங்கள் படலம் 20 மைக்ரோவாட் விட்டால் ஐந்து மணி நேரத்துக்குள் காலி. அப்புறம் வெப்பப் பதிவின் கோடு சரிவதைப் பார்த்து, நீங்கள் சோதிக்கும் மருந்து கொன்றுவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், அது மூச்சு முட்டியதுதான். பாதிக் குப்பியைக் காற்றுக்கு விடுங்கள், அல்லது நீர் ஓடிக்கொண்டே இருக்கும் வகைக் கருவி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, சூட்டுக்கு ஆள் அடையாளம் கிடையாது. வள்ளத்தின் அடியில் டயாட்டம் பாசியும் நிறைய இருக்கும், குப்பியின் இருட்டில் அதுவும் சுவாசித்து வெப்பம் விடும், மொத்தத்தையும் பாக்டீரியா கணக்கில் போட முடியாது. ஃபைபர் துண்டுகளைக் குப்பியின் அளவுக்கு வெட்டித் துறைமுகத் தண்ணீரில் தொங்கவிட்டு எடுங்கள், கூடவே படலம் பிடிக்காத வெறும் துண்டு ஒன்றையும் வடிகட்டிய கடல்நீரில் ஓட்டுங்கள். குப்பியை இறக்கிய முதல் ஒரு மணி நேரப் பதிவை நம்ப வேண்டாம், கருவி நிதானத்துக்கு வர அவ்வளவு ஆகும்.

பாசி பிடிக்காத பெயின்டைச் சோதிப்பதாக இருந்தால், சூடு குறைந்தது என்பதற்காகச் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். படலத்தின் அடியில் தூங்குகிற செல்கள் சூடே காட்டாது. பெயின்டிலிருந்து பிரித்த படலத்தைப் புதுக் கடல்நீரில் கொஞ்சம் சத்துக் கலந்து வைத்து, மறுநாள் கோடு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.