பி.காம். படித்துவிட்டு மறுபடியும் காட்டுக்கா?

அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கடுக்காய்க்கும் சீயக்காய்க்கும் நீங்கள் அலைந்த அலைச்சல் மகளுக்கு வேண்டாம் என்றுதானே பி.காம். வரை படிக்க வைத்தீர்கள்? இப்போது அவள் திருப்பூர் வேலை வேண்டாம், காட்டுப் பொருள்களை வாங்கி விற்க ஊர்க்காரர்களே பங்கு போட்டுச் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்கிறேன் என்கிறாள்.

சரி, அவள் பாறையில் தொங்கித் தேன் எடுக்கப் போவதில்லை. காட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிற வேலைக்குத்தான் போகிறாள். இத்தனை நாள் அந்த இடத்தில் வியாபாரி இருந்தார். மூட்டையைப் பிரிக்காமலே விலை சொன்னார். தேனையே பாருங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி விற்க முடியாது, புளித்தும் போகும். மலைத்தேனில் இந்தத் தொல்லை அதிகம். ஈரத்தை அளந்து, வடிகட்டி, எந்த ஊர்த் தேன், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கு வைக்கப் படித்த ஆள் வேண்டும். கோத்தகிரியில் 2013-ல் தொடங்கிய ஆதிமலை பழங்குடியினர் நிறுவனத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது வாங்கியவர்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. தேன் கோடையில், நெல்லிக்காய் பனிக்காலத்தில். சரக்கு வராத மழை மாதங்களில் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். காபியோ மிளகோ சேர்த்து வாங்கி விற்கிறார்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அடுத்தது உரிமை. தேன், கடுக்காய் போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் அந்த உரிமையை ஊருக்கே பொதுவாக எழுதித் தரும் சமூக உரிமைப் பட்டா உங்கள் கிராம சபையின் கைக்கு வந்துவிட்டதா? வராத ஊரில் செக்போஸ்டில் மூட்டையை நிறுத்திவிட்டால் யாரிடம் போய்ப் பேசுவது?

நெல்லிக்காயைக் கையால் பறிக்கிறார்களா, கிளையையே வெட்டிச் சாய்க்கிறார்களா என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாததா. கிளை போனால் அடுத்த வருஷக் காயும் போச்சு, அவள் சம்பளமும் போச்சு.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவர் கட்டாயம். அவர் உறுப்பினராக, அதாவது நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவராக, இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் நிறுவனத்தில் உங்களுக்குப் பங்கு இருந்தால் அது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பாசத்தில் மகள் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். நாளைக்கு அந்த நாற்காலி அவளுக்கே வரலாம்.

ஒரு வருஷம் போய்ப் பார்க்கட்டும். கூடவே டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், எங்கே போனாலும் உதவும். பிடித்துப்போனால் குஜராத்தில் ஆனந்த் ஊரக மேலாண்மை நிறுவனத்தில் மேற்படிப்புக்கு முயற்சி செய்யலாம். சேருவதற்கு முன் நிறுவனத்தின் கடைசி இரண்டு வருஷ வரவு செலவுக் கணக்கை மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். அவளே படித்து உங்களுக்கு விளக்கட்டும். அப்புறம் என்னிடம் வாருங்கள்.