கலைப்பொருள் ஏலத்தில் 'ரிசர்வ் விலை' என்றால் என்ன?

அரிய ஓவியம், பழைய சிலை, முதல் பதிப்புப் புத்தகம் என்று ஏலத்துக்கு வருபவற்றில் சில, ஆட்கள் விலை கேட்டும் விற்காமல் திரும்புவது ஏன் என்பது கேள்வி. காரணம் ரிசர்வ் விலை. 'இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன்' என்று விற்பவர் ஏல நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி வைக்கும் தொகை அது.

எங்கள் குமுளிப் பக்கம் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் கொட்டி, பச்சை நிறமும் பருமனும் பார்த்து விலை கேட்பார்கள். கட்டுப்படியாகவில்லையென்றால் விவசாயி சரக்கைக் கொடுக்க மாட்டார்.

ஓவியத்தில் அந்தத் தொகை பெரும்பாலும் ரகசியம். தெரிந்தால் எல்லோரும் அதையொட்டியே கேட்பார்கள். ரிசர்வ் விலை எதற்கு என்று புரிய ராஜா ரவி வர்மா ஓவியங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 முதல் அவை தேசியக் கலைச் செல்வம், இந்தியாவை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. வாங்கக்கூடியவர்கள் குறைவு. அன்று இரண்டு பேர் வராமல் போனால் அடிமாட்டு விலைக்குப் போய்விடுமே! அதற்குத்தான் இந்தக் காப்பு.

அப்புறம், கேட்லாக்கில் '2 முதல் 3 கோடி' என்று போட்டிருப்பதை ரிசர்வ் விலை என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் மதிப்பீடு, ரிசர்வ் வழக்கமாக அதன் கீழ்த்தொகையைத் தாண்டாது.