பாட்டு யார் பேர்ல இருக்கு?

வணக்கம் அக்கா,

நான் கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன், வயசு 24. சொந்தமா பாட்டு எழுதி டியூன் போட்டு பாடுறேன், டிவி நாடகத்துல சின்ன சின்ன ரோல் பண்ணியிருக்கேன், கவிதையும் எழுதுவேன். கல்யாண டின்னர்ல பாடித்தான் கைச்செலவு ஓடுது. இப்ப ஒரு கம்பெனி மூணு பாட்ட ரெக்கார்ட் பண்ணி வீடியோவும் எடுத்துத் தர்றோம்னு கான்ட்ராக்ட் கொடுத்திருக்காங்க. ஆனா மாஸ்டரும், அதாவது ரெக்கார்ட் பண்ற அசல் பதிவும், பாட்டும் அவங்க பேர்லதானாம். வீட்ல என்னடான்னா, பாட்டு, நடிப்பு, கவிதைன்னு மூணுலயும் கால வச்சா எதுவும் தேறாது, ஒண்ண புடின்னு சொல்றாங்க. நீங்க போன மாசம் அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோ பத்தி ஒரு வரி எழுதியிருந்தீங்க. அவங்க எப்படிக்கா கம்பெனி இல்லாம நின்னாங்க? நம்ம ஊர்ல அது நடக்குமா?

பேர் போட வேணாம்,
செந்தூல் வாசகி

தங்கச்சி,

அந்த கான்ட்ராக்ட்ல இன்னும் கையெழுத்து போடாதம்மா. அத மொதல்ல சொல்லிட்டு மத்தத பேசுறேன்.

ஆனி 1970ல அமெரிக்காவுல பஃபலோவுல பொறந்தவங்க. நியூயார்க் மாநிலந்தான், ஆனா நீ படத்துல பாக்குற நியூயார்க் இல்ல, ஸ்டீல் ஆலை எல்லாம் மூடிப்போன குளிர் ஊரு. ஒன்பது வயசுல கிட்டார் புடிச்சாங்க. பதினஞ்சு வயசுல அம்மா வேற ஊருக்குப் போனப்ப இவங்க கூட போகல, சட்டப்படி தனி ஆளுன்னு அனுமதி வாங்கிக்கிட்டு பஃபலோவுலயே பாடிக்கிட்டு இருந்துட்டாங்க. அப்புறம் நியூயார்க் சிட்டி போய் நியூ ஸ்கூல்ங்கிற பல்கலைக்கழகத்துல செக்கூ சுண்டியாட்டாங்கிற கவிஞர்கிட்ட கவிதை படிச்சாங்க. உங்க வீட்ல சொல்றதுக்கு பதில் இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அவங்க பாட்ட கேட்டீன்னா பாதி பாட்டு பாதி பேச்சா இருக்கும், கிட்டார தட்டுற தட்டுல வார்த்தை குதிச்சு குதிச்சு வரும், கச்சேரி நடுவுல கிட்டார நிறுத்திட்டு கவிதை மட்டும் சொல்லுவாங்க, அந்தக் கவிதை இல்லன்னா அந்தப் பாட்டும் அப்படி இருந்திருக்காது. கவிதைக்குன்னே 2007ல தனி புக்கும் போட்டாங்க.

1990ல மொத ஆல்பம், சொந்த லேபிள்ல, அதாவது சொந்தமா ஆரம்பிச்ச பாட்டு கம்பெனியில. கார்ல கேசட்ட ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போய் பாடுவாங்க, பாடி முடிச்சு அங்கயே விப்பாங்க. காலேஜ் பசங்க அத காப்பி அடிச்சு கூட்டாளிங்களுக்கு கொடுத்துக் கொடுத்துத்தான் பேரு பரவுச்சு. பெரிய கம்பெனிங்க தேடி வந்தப்பவும் வேணாம்னுட்டாங்க. அதுக்காக தனியாவே எல்லாம் செஞ்சாங்கன்னு நினைச்சுக்காத. மேனேஜர் இருந்தார், ஆபீஸ்ல ஆளுங்க இருந்தாங்க, ஆபீஸையும் பஃபலோவுலயே வச்சாங்க. இடிக்க இருந்த ஒரு பழைய சர்ச்ச எடுத்து சரி பண்ணி கச்சேரி ஹாலும் ஆபீஸுமா ஆக்கினாங்க. அவங்க விட்டுக் கொடுக்காதது பாட்டோட உரிமைய மட்டுந்தான்.

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. 1997ல மிஸ்ஸுன்னு ஒரு பெண்கள் பத்திரிகை தன்னோட 25வது ஆண்டு இதழ்ல இவங்கள பாராட்டி எழுதுச்சு, பெரிய பேண்டுகள விட ஒரு ஆல்பத்துக்கு இவங்களுக்கு அதிகமா காசு நிக்குதுன்னு. வேற யாரா இருந்தாலும் அத ஷேர் பண்ணி சந்தோஷப்பட்டிருப்பாங்க. இவங்க அந்தப் பத்திரிகைக்கே ஒரு திறந்த கடிதம் எழுதினாங்க, என் பாட்ட விட்டுட்டு என் காச ஏன் பேசுறீங்கன்னு. உன் கடிதத்தோட கூட நீ அனுப்பின லிங்க் எல்லாத்துலயும் எத்தன வியூன்னு எழுதியிருந்த, பாட்டு எதப் பத்தின்னு எதுலயும் எழுதலயேம்மா. எனக்கு அதுதான் வருத்தம்.

கஷ்டமும் உண்டு. 2005ல கை வலியால டூர நிறுத்த வேண்டியதாயிடுச்சு, மேடை நின்னா வருமானமும் நிக்கும். 2013ல அடிமைங்கள வச்சு வேலை வாங்கின ஒரு பழைய தோட்ட மாளிகையில பாட்டு எழுதுற முகாம் வைக்கிறேன்னு அறிவிச்சு பயங்கர கண்டனம் வந்துச்சு, நிறுத்தினாங்க, அப்புறம் மன்னிப்பும் கேட்டாங்க. அந்தக் கோபம் நியாயமானதுதான். சொந்தக் கடைன்னா அடி வாங்குறதும் நாமதான்.

நடிப்புக்கு வர்றேன். 2010ல ஹேட்ஸ்டவுன்னு ஒரு கதைப் பாட்டு ஆல்பம் இவங்க லேபிள்லதான் வந்துச்சு, அதுல பெர்செஃபனிங்கிற பாத்திரத்துக்கு பாடினாங்க. அது பின்னால பெரிய நாடகமாகி, 2024ல நியூயார்க்ல பெரிய நாடகம் நடக்குற பிராட்வே மேடையில அதே பாத்திரத்துல அவங்களே நடிச்சாங்க, 53 வயசுல. நீ 24லயே ஒண்ண விட்டுடணும்னு யாரும்மா சொன்னது?

இப்ப நம்ம ஊரு. ரெக்கார்டிங்குக்கு காசு போட்டவங்க மாஸ்டர்ல பங்கு கேக்குறது ஒரு வகையில நியாயந்தான், அது பேசித் தீர்க்கலாம். உன் வரியையும் டியூனையும் சேத்துக் கேக்குறது, பெயிண்ட் அடிச்சுக் கொடுத்துட்டு வீட்டு கிராண்ட, அதாவது பத்திரத்தையே கேக்குற மாதிரி. மலேசியாவுல 1987 காப்பிரைட் சட்டப்படி உன் பாட்டோட உரிமை உன் வாழ்நாளுக்கும் அதுக்கப்புறம் 50 வருஷத்துக்கும் இருக்கும், எழுத்துல கொடுத்தாத்தான் அது கை மாறும். ஆனா அதே சட்டத்துல 26வது பிரிவு இருக்கு பாரு, அது நம்ம பிள்ளைங்களுக்கு தெரியவே மாட்டேங்குது. ஒருத்தர் சொல்லி நீ எழுதிக் கொடுத்தா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா, உரிமை சொன்னவங்களுக்கே போயிடும். நாடகத்துக்கு டைட்டில் பாட்டு எழுதித் தாம்மான்னு கூப்பிட்டு கையில கொஞ்சம் வெள்ளி கொடுத்தா சந்தோஷமா வாங்கிட்டு வந்துடுவோம், உரிமை எனக்குத்தான்னு ஒரு வரி எழுதி வாங்கியிருக்க மாட்டோம். இனிமே எழுதி வாங்கு.

பாட்டு எழுதுறவங்க, டியூன் போடுறவங்களோட உரிமைய பாத்துக்குற எம்ஏசிபில உறுப்பினரா சேரு. 1989லருந்து இருக்குற அமைப்பு, ரேடியோவுலயும் டிவியிலயும் உன் பாட்டு போனா ராயல்டி வாங்கித் தருவாங்க, ஆனா பாட்டு உன் பேர்ல இருந்தாத்தான் அந்தக் காசு உனக்கு வரும். கல்யாண டின்னர விடாத. அங்க பாடுறப்ப நடுவுல உன் பாட்டு ஒண்ண சேத்துப் பாடு, புடிச்சவங்க நம்பர வாங்கி வை, அடுத்த ஷோவுக்கு நீயே கூப்பிடலாம்.

கம்பெனிகிட்ட, மூணு பாட்டையும் இத்தன வருஷத்துக்கு மட்டும் உரிமம் தர்றேன், எழுத்தும் டியூனும் என் பேர்லதான்னு எழுதிக் கேளு. ஒத்துக்கலன்னா செலவ குறைச்சு ஒரே ஒரு பாட்ட நீயே ரெக்கார்ட் பண்ணு. கான்ட்ராக்ட்ட பேர் எல்லாம் மறைச்சு எனக்கு அனுப்பி வை, எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் பிரிக்பீல்ட்ஸ்ல இருக்காங்க, படிச்சுப் பாக்கச் சொல்றேன். பாட்டு எதப் பத்தின்னும் சேத்து எழுது.