ஹங்கேரி இயக்குநர் பேலா தாரின் முதல் படமும் கடைசிப் படமும் ஒரே ஆள் எடுத்ததா? எங்கே மாறினார்?

ஒரே ஆள்தான். மாற்றமும் ஒரே நாளில் வந்ததில்லை.

1979இல் வந்த முதல் படம் ‘குடும்பக் கூடு’. புடாபெஸ்ட் வீட்டுப் பஞ்சம்தான் கதை. கையில் பிடித்த கேமரா, தொழில்முறை நடிகர்கள் இல்லை, முகத்தை ஒட்டிய குளோசப். ஆவணப்படம் என்றே தோன்றும்.

1982இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘மெக்பெத்’ முக்கியமான திருப்பம். மொத்தம் இரண்டே ஷாட் (வெட்டாமல் தொடர்ந்து எடுத்த காட்சி). முதலாவது சுமார் 5 நிமிடம், மற்றது ஏறக்குறைய ஒரு மணி நேரம். வீடியோவில் எடுத்ததால்தான் இது முடிந்தது. 35 மி.மீ. பிலிமில் 300 மீட்டர் சுருள் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிற்காலப் படங்களில் ஒரு ஷாட்டின் உச்சவரம்பு இந்தச் சுருள்தான். ஒன்பதாவது நிமிடத்தில் ஒருவர் தடுமாறினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். வெட்டி மறைக்க வழியே கிடையாது.

முழு உருமாற்றம் 1988இன் ‘சாபம்’ படத்தில். எழுத்தாளர் லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய் இதில்தான் முதன்முதலாகச் சேர்கிறார். தொடக்கத்தில் கம்பிவடத்தில் தொட்டிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். கேமரா மெல்லப் பின்வாங்க, ஜன்னல் சட்டம் தெரியும், பிறகு ஒருவனின் பின்னந்தலை. அதுவரை நாம் பார்த்தது அவன் பார்வை என்று அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘சாத்தான்டாங்கோ’ (1994). கடைசியாக ‘டுரின் குதிரை’ (2011): 146 நிமிடம், 30 ஷாட். ஆள், பேச்சு, கதை எல்லாம் குறைந்து காற்றும் வெந்த உருளைக்கிழங்கும் மிஞ்சின.

புதிதாகப் பார்ப்பவர் ‘சாத்தான்டாங்கோ’வில் தொடங்கினால் பாதியில் எழுந்துவிடுவார். ‘வெர்க்மைஸ்டர் ஹார்மனிஸ்’ (2000) படத்தில் தொடங்குங்கள்.